மேற்கே போன தண்ணீர்

மார்கழி பாதி போயும் நான் நடைப்பையைத் தொடவில்லை. முந்தாநாள்தான் பரணிலிருந்து இறக்கி, செடி அழுத்துவதற்கான பழைய செய்தித்தாள் கட்டு, கத்தரிக்கோல், பூதக்கண்ணாடி எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். அடியில் சுருண்டு கிடந்தது உன் குரங்குக் குல்லா. காப்பிப்பொடி நிறம், இடது காதுப் பக்கம் நூல் பிரிந்தது. போன வருஷம் வெயில் ஏறியதும் கழற்றி என் பையில் திணித்தாயே, அதுதான். உதறினால் கோடாலித் தைலமும் தேங்காயெண்ணெயும் பீடியும் கலந்த வாசனை. காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், மச்சான்.

நீ போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன். இப்போது இருக்கிறது. உனக்கு நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், அது தப்பு என்று நேற்றுக் காலையில்தான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரவில்லை, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். நாம் நடந்ததும் எப்போதும் அப்படித்தானே.

நம் முதல் சந்திப்பே சண்டை. நான் கடலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் கூடத்தில் அட்டெண்டர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிழக்கே ஓடைக்கரைக்கு வந்திருந்தோம். மாதிரிக்காகப் பொடுதலையை வேரோடு பெயர்த்துக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கியவன் நீ. வாய்க்கால் லஸ்கர், ஷட்டர் ஏற்றி இறக்குவதும் கரை உடையாமல் பார்த்துக்கொள்வதும் உன் உத்தியோகம். "கரையில கைய வைக்காதீங்க சார். நீங்க புல்லுன்னு புடுங்குறது எங்களுக்குக் கரை" என்றாய். எனக்கு மூக்குமேல் கோபம். இது புல் இல்லை, பொடுதலை என்றேன். பேர் எதுவாக இருந்தால் என்ன, அதுதான் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நீ திருப்பிச் சொன்னாய். மாணவர்கள் சிரித்தார்கள். பெயர்த்ததை மறுபடி நட்டுவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

இருவரும் ஓய்வுபெற்ற பிறகு மார்கழியும் தையும் நமக்கென்று ஆகிப்போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை நான் சனிக்கிழமை சாயங்காலமே முடித்துக்கொள்வேன். ஏன் என்று பங்குச் சாமியார் ஒருநாள் கேட்டார். சிதம்பரத்தில் ஓடைக்கரையில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான் சாமி என்றேன். விடியலில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால் பனி விலகுவதற்குள் உன் முன்னால் வந்து நிற்பேன். டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவோம். "செடி உன்னுது, தண்ணி என்னுது" என்று முதல் நாளே பாகம் பிரித்துவிட்டாய். ஒருவன் பாகத்தில் மற்றவன் வாய் வைப்பதில்லை. கடைசியில் அதை மீறியவன் நான்தான்.

நேற்று ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள். பௌர்ணமி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு நிறைய ஊர் திரும்புகிற விபூதி நெற்றிகள், தூங்கி விழும் பிள்ளைகள். நம் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு கிளாஸை எடுத்து வைத்தார். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஓடைக்கரையில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சம்பா கதிர் வாங்கி நின்றது. நீர்முள்ளி நீலமாகப் பூத்திருந்தது. முள்ளுக்குள் கை விட்டு நீ எனக்காக ஒரு பூ பறித்து, விரலில் குத்திக்கொண்டு என்னைத் திட்டியது அந்த மதகு ஓரத்தில்தான். பூளைப்பூவை மாட்டுப் பொங்கலுக்காக ஒருவர் அதற்குள்ளாகவே அறுத்துக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். தும்பை, கரிசலாங்கண்ணி, வேலியில் முசுமுசுக்கை. ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டே சொன்னேன். சொன்னதும் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும் என்று மனசு காத்திருக்கிறது, என்ன செய்ய. எந்தச் செடியைக் காட்டினாலும் உனக்கு ஒரே கேள்விதான்: "கரையப் புடிக்குமா, ஒடைக்குமா?" மூலிகை, அருமருந்து என்று நான் அளப்பதெல்லாம் உன் காதில் ஏறாது. நெய்வேலிக் காட்டாமணக்கைக் கண்டால் மட்டும் நின்று ஒரு பாட்டம் திட்டுவாய். ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு ஊரையே அடைக்கிறது என்பாய். நேற்றும் அது செழிப்பாகப் பூத்து ஓடையை முக்கால்வாசி மூடியிருந்தது. உனக்குப் பதிலாக நானே திட்டினேன். வாய்க்கு ருசிப்படவில்லை.

செடிகள் எனக்குப் பேசின, அது போகட்டும். தண்ணீர்தான் பேசவில்லை. ஓடை வளைகிற இடத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்த செங்கல் படிகள் இருக்கிறதே, அங்கே நின்றேன். அந்தக் காலத்தில் தோணி கட்டிய துறை என்று சொல்லியிருக்கிறாய். நெல் போகும், உப்பு வரும் என்று சொன்னாயா, விறகு வரும் என்றாயா? நாலு தடவை சொன்னாய். நாலு தடவையும் நான் பக்கத்தில் எதையோ கிள்ளிப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். அடுத்த பள்ளத்தைக் காட்டி, "இதெல்லாம் வெள்ளாறு பொரண்டு படுத்த எடம்" என்பாய். எங்கிருந்து எங்கே புரண்டது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. என் நோட்டில் ஆறு வருஷத்துச் செடிகள் தேதியோடு இருக்கின்றன. நீ சொன்னதில் ஒரு வரி கூட இல்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்க நீ இருக்கும்போது எழுதுவானேன் என்று இருந்துவிட்டேன்.

கடலூருக்கு நீ ஒரே ஒருமுறை நடக்க வந்தாய். கெடிலக் கரையில் கூட்டிப்போய், ஒரு அடியாருக்காக இந்த ஆறு கோயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் விலகி வழி விட்டதாகக் கதை உண்டு என்றேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. ஆறு இடம் மாறினால் புராணம், மனுஷன் வரப்பை மாற்றினால் கோர்ட்டு என்றாய். அப்புறம், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் பேரில் பாதிரி மரம், சிதம்பரத்தின் பழைய பேரில் தில்லை மரம், இரண்டு ஊரிலும் அந்த மரத்தை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும் என்று சிரித்தாய். தில்லையைக் காட்டுகிறேன் வா, ஷட்டரைத் தாண்டினால் நிற்கிறது என்றாய். அந்தத் தில்லைக்காகத்தான் போன வருஷம் நாம் வழக்கத்தை மீறினோம்.

போன வருஷத்துக்கு வருகிறேன். அன்றும் தரிசனக் கூட்டம் கலைகிற நாள். பௌர்ணமி. காலையிலிருந்தே நீ சரியாக இல்லை என்று எனக்குப் பட்டது. டீக்கடையில் என்னை உன் தம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டாய். சாப்பிட்டியா என்று கேட்டு, நான் பதில் சொல்லி, மறுபடியும் கேட்டாய். இரண்டு வாய்க்கால் பிரிகிற இடத்தில் நின்று, எந்தப் பக்கம் போகணும் என்று என்னைக் கேட்டாய். முப்பது வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் நீ சைக்கிள் மிதித்த கரை அது. என் மனைவியின் அக்காவுக்கும் மறதி நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

எப்போதும் கடைசி ஷட்டரோடு திரும்பிவிடுவோம். அன்று ஷட்டர் இறக்கியிருந்தது. நீ அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தாண்டிப் போலாம் வா" என்றாய். அரை மைல் போனோம். கரை மாறிவிட்டது. உமரி செக்கச்செவேல் என்று படர்ந்திருந்தது. அதற்கப்பால் தில்லை, சின்னதும் பெரிதுமாக ஆறு மரம், பாதி இலை பழுத்துச் சிவந்து. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று உன்னைத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, நோட்டை எடுத்து எழுதினேன். நீ கரையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்தியா மச்சான், தண்ணி மேக்க போவுது" என்றாய்.

நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். சரி, இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரலில், "கடல் கெழக்க இருக்குதுடா, தண்ணி எப்படி மேக்க போவும்? காத்துல அலை அடிக்குது, அவ்ளோதான்" என்றேன்.

நீ சண்டைக்கு வருவாய் என்றுதான் இருந்தேன். ஒரு மதகுக்கு மூன்று கண்ணா நாலு கண்ணா என்பதற்கு அரை மைல் வாதாடியவன் நீ. அன்று தண்ணீரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடி தண்ணீரை நெடுநேரம் பார்த்தாய். அப்புறம், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய்.

திரும்பும்போது மதகுக் கட்டையில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ உதறவில்லை. வீட்டு வாசலில் உன் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தண்ணீர் ஓடுகிற திசையே பிடிபடவில்லை, இனிமேல் கரைப்பக்கம் தனியாக விடாதே என்றேன். மற்றது எதையும்விட அதுதான் அவளைக் கலக்கியது. சாப்பிட்டதை மறந்தால் வயசு என்று விட்டிருப்பாள். தண்ணீரை மறந்தால் அது அப்பாவே இல்லை என்று அழுதாள். டாக்டர், மாத்திரை, சைக்கிளுக்குப் பூட்டு, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்தது.

மறதி உனக்கு வந்தது நிஜம்தான். டாக்டரும் சொன்னார். அதனால் நான் நிமிர்ந்து நடந்தேன், மறைப்பானேன். முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கூட இருக்கிறேன். வாரம் ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தேன், அப்புறம் மாசம் ஒருமுறை. நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். நான் பறித்துக்கொண்டு வந்த செடியைக் காட்டுவேன். நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய், கரையைப் பிடிக்குமா என்று கேட்க மாட்டாய். கேட்காத அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் வருவதைக் குறைத்தேன். பஸ் கூட்டம், முட்டிவலி என்று உன் மகளிடம் சொன்னதெல்லாம் பொய். ஆவணி பிறந்த வாரம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். கல்லறைத் திருநாளன்று என் மனைவியின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உனக்கென்று இன்னொன்று ஏற்றினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் மெழுகு வழிய நின்றேன். கடைசியில் சுற்றுச்சுவர் மூலையில், யாருடையதும் இல்லாத மண்ணில் ஊன்றிவிட்டு வந்தேன்.

நேற்று ஷட்டருக்குப் போனபோது மணி ஒன்பது இருக்கும். இறக்கித்தான் இருந்தது. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திரும்பினால் அந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்யப்போகிறேன் என்று தோன்றவே, தாண்டி நடந்தேன். தில்லைகள் அப்படியே நின்றன. நீ உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், அந்த இடத்தில் இல்லாமல், உட்கார்ந்தேன். துளிக் காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடி கணக்காக இருந்தது. பழுத்த தில்லை இலை ஒன்று உதிர்ந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்படியே நிற்கும் என்றோ கிழக்கே போகும் என்றோ நினைக்கக்கூட இல்லை, சும்மாதான் பார்த்தேன். இலை என் வலது கைப்பக்கத்திலிருந்து இடது கைப்பக்கம் போனது. வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வலது என்றால் கிழக்கு.

எழுந்து அந்த இலையோடு கூடவே நடந்தேன். அவசரமே இல்லாமல் அது ஷட்டரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு அம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார், ஓலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு. தண்ணீர் எந்தப் பக்கம்மா போகிறது என்று கேட்டேன். பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பௌர்ணமி இல்லியா, கடத்தண்ணி ஏறுது. ஷட்டர் வரிக்கும் மேக்கதான் போவும். உப்பு வயலுக்கு ஏறிடக் கூடாதுன்னுதான அத்த எறக்கி வச்சிருக்கறாங்க" என்றார். இது கூடத் தெரியாதா என்பது அவர் முகத்தில் இருந்தது.

கரையிலேயே உட்கார்ந்து பழைய நோட்டைப் பிரித்தேன். போன வருஷத்துப் பக்கத்தில் என் கையெழுத்து: உமரி, தில்லை ஆறு மரம், இலை சிவப்பு. இரண்டும் உப்புத்தண்ணீர் வந்து போகிற இடத்தில் மட்டும் நிற்கிறவை. முப்பத்தைந்து வருஷம் நான் மாணவர்களுக்கு மாதிரி எடுத்துக் கொடுத்த பாடம் அது. உனக்குச் சாட்சி சொல்ல ஆறு மரம் என் கண்முன்னால் நின்றது. அவற்றின் பேரை எழுதிவிட்டு, மை காய்வதற்குள் உன்னைப் பார்த்துக் கடல் கிழக்கே இருக்கிறது என்று பாடம் எடுத்திருக்கிறேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, அது நான்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி உப்பு ஏறுவதற்கு முன்னால் அந்த ஷட்டரை உன் கையால் இறக்கியவன் நீ. என் பேர் உனக்கு மறந்திருக்கலாம். அது மறக்கவில்லை.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க மாமா என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொன்னதுதான் சரி, நான்தான் பார்க்காமல் பேசினேன் என்றேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே பிழிந்த துணி.

"அப்பா அதத்தான் மாமா தெனமும் கேப்பாரு. ஜன்னல்கிட்ட உக்காந்துகினு, தண்ணி எந்தப் பக்கம் போவுதும்மான்னு. நீங்க சொன்னீங்களேன்னு, கெழக்கப்பா, கெழக்கப்பான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். மொதல்ல இல்லன்னு கோச்சிக்கினாரு. ஒரு நாளு தட்டக்கூடத் தள்ளி உட்டாரு. அப்பறம் அவரே கெழக்குன்னு சொல்லப் பழகிட்டாரு. பரவால்ல, தேறி வராருன்னு நாங்க எல்லாம் சந்தோஷப்பட்டோம்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். திட்டியிருந்தால் பஸ்ஸில் கொஞ்சம் அழுதுவிட்டு வந்திருப்பேன். அழுகையும் வரவில்லை. பரங்கிப்பேட்டை ரோடு, ஆலப்பாக்கம் எல்லாம் ஜன்னலில் போனது. ஒரு செடியையும் நான் பார்க்கவில்லை.

உனக்கு எவ்வளவோ போய்விட்டது. தம்பி பேர், சாப்பிட்ட சாப்பாடு, நான் யார் என்பது. அதெல்லாம் நோய் கொண்டுபோனது. தண்ணீர் மட்டும் உன்னிடம் பத்திரமாக இருந்தது, அதை எடுத்தவன் நான். பிடுங்கிக்கூட எடுக்கவில்லை. நீயாகவே கொடுத்தாய். அந்தக் கரையில் உன் கண் முன்னால் தண்ணீர் மேற்கே போகிறது, பக்கத்தில் நின்று நான் அப்படிப் போகாது என்கிறேன். நீ இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னை நம்பினாய். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் நீ கோபித்துக்கொள்ளவே இல்லையே. உன் கண்ணைவிட என்னை நம்பினாயே, மச்சான். அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. வைத்துக்கொண்டு நடக்கிறேன்.